உண்டியல் நிறைந்துவிட்டது

பிப்ரவரி 4, செவ்வாய்

கல்லூரிக்குக் கிளம்பும்போது சுகந்தி அழைத்தாள். ஒரு கையில் போன். இன்னொரு கை சட்டைக்குள் பாதி நுழைந்திருந்தது.

"சம்பளம் வந்துச்சுங்களா?"

"இன்னும் இல்ல. ரெண்டு மாசத்ததும் சேத்துப் போடுவாங்களாம்."

"வாடகை?"

"வீட்டுக்கார அக்காகிட்ட சொல்லியிருக்கேன்."

உடுமலையில், அவள் அம்மா வீட்டில், மிக்சி ஓடியது. அது நிற்கும்வரை இருவரும் காத்திருந்தோம்.

"அந்த உண்டியல எடுத்துருங்க. ஒரு மாச வாடகைக்காச்சும் ஆகும்."

"அது பழனிக்குன்னு போட்டது."

"ஆமாங்க. இனி எதுக்குங்க அது?"

சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருக்கிறேன் என்று ஆசிரியர் அறைக்குப் போனபிறகுதான் தெரிந்தது.

பிப்ரவரி 5, புதன்

எழுதிவிடுகிறேன், ஒரே முறை.

முதல் குழந்தை மூன்றாம் மாதத்தில் தங்காமல் போனது. அடுத்த வாரம் சுகந்தி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பானைக் கடையில் ஒரு மண் உண்டியல் வாங்கிவந்தாள். சின்னப் பூசணிக்காய் அளவு. உச்சியில் ஒரு கீறல். கழுத்தில் மஞ்சள் துணி கட்டி, குங்குமம் வைத்து, சமையலறைப் பலகையில் வைத்தாள். பிள்ளை பிறந்து முடியிறக்கப் பழனிக்குப் போகும்போது அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவதாக வேண்டுதல். அதுவரை அது எங்கள் பணம் இல்லை.

போன ஐப்பசியில், ஆறாம் மாதத்தில், இரண்டாவதும் தங்கவில்லை. அன்று எனக்குத் தேர்வு மேற்பார்வை.

கார்த்திகையில் அவள் உடுமலைக்குப் போனாள். பத்து நாள் இருந்துவிட்டு வருவதாகச் சொன்னாள். அங்கேயே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இப்போது வேலை பார்க்கிறாள்.

உண்டியல் பலகையில் இருக்கிறது.

பிப்ரவரி 7, வெள்ளி

பழனிச் சாலை முழுக்கப் பாதயாத்திரைக்காரர்கள். தைப்பூசத்துக்கு நடக்கிறார்கள். பச்சை வேட்டி, காலில் துணிக்கட்டு, தோளில் ரேடியோ.

ஒரு பெண் தலையில் மஞ்சள் துணி கட்டிய செம்பை வைத்துப் போனாள். அவள் கணவன் பின்னால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தான். குழந்தை அவன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தது. அவன் தலையைச் சாய்த்துக் கொடுத்தபடி நடந்தான்.

கல்லூரிப் பேருந்தைத் தவறவிட்டேன்.

பிப்ரவரி 8, சனி

வீட்டுக்கார அக்கா வந்தார். புஷ்பமேரி அக்கா. கீழ்வீடு.

"தம்பி, நான் வாடகை வாங்க வரல. வாடகை குடுக்கிற மாதிரி இருக்கியான்னு பாக்க வந்தேன்."

"ரெண்டும் ஒண்ணுதானக்கா."

"ஒண்ணில்லப்பா. வாங்க வந்தா வாங்காமப் போக மாட்டேன்."

நேராகச் சமையலறைக்குள் போய் உண்டியலைப் பார்த்தார். "இதுதானா? ஒம் பொண்டாட்டி போன்ல சொல்லுச்சு. உண்டியல்ல எடுத்துக் குடுப்பாருக்கான்னு."

"உடைக்கணுமேக்கா."

"எதுக்கு உடைக்கிற? எங்க வீட்டுக்காரரு அந்தோணியார் உண்டியல்லயே கை வெச்ச ஆளு. கோயில்துன்னு நெனைச்சுக்காத, வீட்டுல நான் போட்டு வெச்சது. ஒரு வருசமா எடுத்திருக்காரு. சாமியே எடுத்துக்குதுபோலன்னு நான் தோத்திரம் பண்ணிட்டு இருந்தேன்."

வழியையும் காட்டினார். உண்டியலைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். மெல்லிய கத்தியைக் கீறலுக்குள் விட வேண்டும். மெதுவாக ஆட்டினால் நாணயம் கத்தியின் மேல் படுத்துக்கொள்ளும். அப்படியே சறுக்கி வரும்.

நான் பிடித்தேன், அவர் ஆட்டினார். உள்ளே மழை பெய்கிற மாதிரிச் சத்தம். கத்தியின் மேல் ஒரு பத்து ரூபாய் நாணயம் எட்டிப் பார்த்தது. என் உள்ளங்கையில் விழுந்தது. குளிர்ந்திருந்தது. பின்பக்கம் துளி குங்குமம்.

"பாத்தியா! இன்னும் ஆட்டு."

"போதும்க்கா."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

"பத்து ரூவா வாடகை குடுக்கிறவன் திண்டுக்கல்லயே நீ ஒருத்தன்தாம்ப்பா. வெச்சுக்க. சம்பளம் வந்ததும் குடு."

அவர் படியிறங்கியதும் நாணயத்தைத் திரும்பப் போட்டேன். என் பையில் இருந்த இரண்டையும் சேர்த்து. பையில் சில்லறை கனத்தால் எனக்கு நடை சரியாக வருவதில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

தினமும் காலையில் சுகந்தியிடமிருந்து ஒரு செய்தி வரும். "சாப்ட்டீங்களா."

"ம்" என்று அனுப்புவேன்.

இன்று "இட்லி" என்று அனுப்பினேன். நீல அடையாளம் வந்தது. பதில் இல்லை. பதில் வரும் கேள்வியாக நானும் எதுவும் கேட்கவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய். தைப்பூசம்

விடுமுறை. அத்தை அழைத்தார்.

"மாப்ளை, நல்லாருக்கீங்ளா? இன்னிக்கு லீவுதானுங்? ஒரெட்டு வந்துட்டுப் போலாமில்லீங்?"

"விடைத்தாள் திருத்துற வேல இருக்கு அத்தை."

"அதும் செரிதானுங். பொங்கலுக்கும் அதைத்தான் சொன்னீங்." சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவ வாசல்ல பஸ்சு சத்தம் கேட்டாப் போதுங், எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்கறா. கேட்டா, பால்காரனப் பாக்கறேங்கறா. பால்காரன் பஸ்சுலயாங் வர்றான்?"

விடைத்தாள்கள் உண்மையாகவே இருக்கின்றன. மேசையில் இரண்டு கட்டு. இன்று ஒன்றும் திருத்தவில்லை.

அவள் வந்துவிடுவாள் என்று நினைக்கிறேன். அவளுடைய குளிர்காலப் போர்வை இங்கேதான் இருக்கிறது. தையல் இயந்திரம் இருக்கிறது. வேண்டுதல் பாதியில் நிற்கிறது. இவ்வளவையும் விட்டுவிட்டு ஒருத்தி எப்படி வராமல் இருப்பாள்.

பிப்ரவரி 13, வியாழன்

இரண்டாமாண்டு வணிகவியலுக்குத் தகுதி வழக்கு நடத்தினேன். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. மங்கலம் அல்லாததை மங்கலச் சொல்லால் சொல்வது மங்கலம். செத்தார் என்பதற்குப் பதில் இயற்கை எய்தினார். விளக்கை அணை என்பதற்குப் பதில் குளிரவை.

தூங்கிக்கொண்டிருந்தார்கள். எழுப்புவதற்காக என் கதையைச் சொன்னேன்.

திருமணமான முதல் மாதம். மனைவி சொன்னாள், "அரிசி நெறஞ்சிருக்குங்க." நல்லது என்று சொல்லிவிட்டேன். மறுநாளும் சொன்னாள். சந்தோஷம் என்றேன். மூன்றாம் நாள் இரவு ரவை உப்புமா. ஏன் சோறு இல்லை என்று கேட்டேன். "ரெண்டு நாளா நெறஞ்சிருக்கு நெறஞ்சிருக்குன்னு தொண்ட கிழியச் சொல்றேன், காதுலயே வாங்கலீங்களே" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அவர்கள் வீட்டில் தீர்ந்தது என்ற சொல்லே கிடையாது. தீர்ந்ததெல்லாம் நிறைந்ததுதான். என் அம்மா நான் பால் குடிக்கும் வயதிலேயே போய்விட்டார். அப்பா வளர்த்த வீட்டில் தீர்ந்தது தீர்ந்ததுதான், செத்தது செத்ததுதான்.

வகுப்பு சிரித்தது. கடைசி வரிசையில் ஒருவன் எழுந்து, "சார், அப்ப உங்களுக்கு யாரு சார் எலக்கணம் நடத்தறது?" என்றான்.

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த உப்புமா ராத்திரி அவள் அழுதுகொண்டே சிரித்தாள். மூக்கு சிவந்திருந்தது. அந்த மூக்கை இப்போது தெளிவாக நினைவில் கொண்டுவர முடியவில்லை. போனில் புகைப்படம் இருக்கிறது. அது வேறு மூக்கு.

பிப்ரவரி 16, ஞாயிறு

அப்பாவுக்குப் போன். வத்தலக்குண்டில் தனியாக இருக்கிறார். எழுபது வயதிலும் கறுப்புச் சட்டைதான்.

வேண்டுதல் நிறைவேறாத உண்டியலை என்ன செய்வது என்று கேட்டேன்.

"வேல செய்யாதவனுக்கு எதுக்குடா கூலி? உடைச்சுப் பிரியாணி சாப்பிடு."

"விளையாடாதீங்கப்பா."

"நான் எங்க விளையாடுறேன்? சரி, மருமக எப்ப வருது?"

"வருவா."

"நீ போயிப் பாத்தியா?"

"இல்ல."

"ம்."

அந்த "ம்" எனக்குத் தெரியும். நான் சொல்வதும் அதுதான்.

பிப்ரவரி 19, புதன்

டீக்கடை மீதியில் ஓர் இருபது ரூபாய் நாணயம். பன்னிரண்டு பக்கம் உள்ளது. கொஞ்சம் சாய்த்தால்தான் உள்ளே போகிறது.

பிப்ரவரி 20, வியாழன்

இன்னும் இரண்டு. கடைக்காரரிடம் கேட்டு வாங்கினேன். "நோட்டு வேணாமா சார்? எல்லாரும் நோட்டுதான் கேப்பாங்க" என்றார்.

பிப்ரவரி 21, வெள்ளி

சம்பளம் வந்துவிட்டது. இரண்டு மாதத்தது.

வாடகையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். புஷ்பமேரி அக்கா நோட்டுகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பாவம், ஒம் பொண்டாட்டிதான் வெசனப்பட்டுக்கிட்டே இருந்துச்சு. இப்பவே போன் போட்டுச் சொல்லிடுறேன், வாடகை வந்துருச்சுன்னு."

நானே சொல்லலாம் என்று மேலே வந்தேன். அக்கா முந்திக்கொண்டுவிட்டார். கீழேயிருந்து அவர் பேசுவது கேட்டது. "ஆமா, மொத்தமாக் குடுத்துட்டாரு... ஆங்... சரி தாயி."

இனி உண்டியலைத் தொட வேண்டிய அவசியம் இல்லை. அதையும் சொல்லியிருக்க வேண்டும். சம்பளத்தில்தான் கட்டியிருப்பேன் என்று அவளுக்குத் தெரியாதா.

பிப்ரவரி 25, செவ்வாய்

காலையில் பத்து ரூபாய் போகவில்லை. கீறலில் பாதி இறங்கி நின்றுவிட்டது. உண்டியலைத் தட்டினேன். குலுக்கினேன். சத்தமே இல்லை. அவ்வளவு நிறைந்திருக்கிறது.

வெகுநேரம் அதன் முன்னால் நின்றேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சுகந்தியின் எண்ணுக்கு அடித்தேன். அத்தை எடுத்தார். போனை வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாளாம்.

"அவகிட்ட ஒண்ணு சொல்லணும் அத்தை. உண்டியல் நெறஞ்சிருச்சு."

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"அத்தை?"

"நெறஞ்சிருச்சுங்ளா மாப்ளை?"

"ஆமா. இன்னிக்குக் காலைலதான் பாத்தேன்."

"செரிங்... ஆகட்டுங். சொல்லிப்போடறனுங்."

குரல் தழுதழுத்தது. அத்தைக்கு எதற்கும் கண் கலங்கிவிடும். சந்தோஷமாகத்தான் இருக்கும்.

இனி அவள் வரத்தானே வேண்டும். நிறைந்த உண்டியலை இருவரும் சேர்ந்துதான் கொண்டுபோக வேண்டும்.

பிப்ரவரி 27, வியாழன்

அவள் பேசவில்லை. யோசிக்கிறாள் போலும்.

வீட்டைக் கழுவினேன். படுக்கை விரிப்பை மாற்றினேன். சின்ன வெங்காயம் ஒரு கிலோ வாங்கினேன். பெரிய வெங்காயத்தில் அவள் சாம்பார் வைக்க மாட்டாள். உரித்துப் பார்த்தேன். பத்து உரிப்பதற்குள் கண் எரிந்தது. நல்ல காரணம் கிடைத்தது என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

மூன்று நாளாக "சாப்ட்டீங்களா" வரவில்லை.

நானே அனுப்பினேன். "சாப்ட்டியா?"

நீல அடையாளம்.

மார்ச் 5, புதன்

அத்தை அழைத்தார். வழக்கமான நலம் விசாரிப்பு இல்லை.

"மாப்ளை, ஞாயித்துக்கெழம அவ அங்க வர்றாளுங். துணிமணி, சர்ட்டிபிகேட்டு, அந்தத் தையல் மிசுனு... எல்லாத்தையும் எடுத்துட்டு வந்தர்றேங்கறா. நா எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டனுங்."

"எதுக்கு அத்தை?"

"எனக்கென்னங் தெரியும். உங்களுக்குள்ள நீங்கதான் பேசிக்கோணும்."

முதல் பாதியை மட்டும் எழுதிவைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறாள்.

மார்ச் 9, ஞாயிறு

பதினோரு மணிப் பேருந்தில் வந்தாள். பேருந்து நிலையத்துக்கு வரட்டுமா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வீட்டு வாசலில் நின்றேன்.

இளைத்திருந்தாள். தலையை வேறு மாதிரி வகிடெடுத்திருந்தாள். கையில் இரண்டு காலிப் பைகள்.

"நல்லாருக்கீங்களா" என்றாள், ஊருக்கு வந்தவர்கள் கேட்பது போல.

நேராகப் படுக்கையறைக்குப் போய்ப் பீரோவைத் திறந்தாள். மடித்த துணிகளை எடுத்துப் பைக்குள் வைக்கத் தொடங்கினாள். நான் கதவருகே நின்றேன். உதவி செய்தால் போகச் சொல்வது போல இருக்கும். செய்யாவிட்டால் என்னவாக இருக்கும் என்று தெரியவில்லை.

"தண்ணி குடிக்கிறியா?"

"நானே எடுத்துக்கறனுங்க."

சமையலறைக்குப் போனாள். தம்ளர் எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை. போய்ப் பார்த்தேன். பலகையின் முன்னால் நின்றிருந்தாள்.

"இது இங்கயேதான் இருக்குதா?"

"எங்க போகும்?"

"நெறஞ்சிருச்சுன்னு சொன்னீங்களாமே."

"நெறஞ்சிருச்சு. நீயே பாரு, பத்து ரூபாகூட நுழையல."

அவள் இரண்டு கையாலும் உண்டியலைத் தூக்கினாள். அவ்வளவு கனத்தை எதிர்பார்க்கவில்லை. கை தாழ்ந்து, மார்போடு அணைத்துக்கொண்டாள். கீறலில் அந்தப் பத்து ரூபாய் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்தாள். உண்டியலைப் பார்த்தாள். அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

"அய்யோ... நெசமாலுமே நெறஞ்சிருக்குங்களா?"

"பின்ன என்ன?"

"எங்கம்மா, நீங்க எடுத்துச் செலவு பண்ணித் தீத்துட்டீங்கன்னு சொல்லுச்சுங்க. மாப்ளையே வாயால சொல்லிட்டாருடீ, நெறஞ்சு போச்சாமான்னு. மேரியக்காவும் வாடகை வந்துருச்சுன்னு சொல்லுச்சு. நானும் செரின்னு..."

சிரித்துக்கொண்டே அழுதாள். மூக்கு சிவந்துவிட்டது.

தகுதி வழக்கு. மங்கலம். எட்டு வருடமாக நடத்துகிறேன்.

"நீதானே எடுக்கச் சொன்ன?"

"சொன்னா? சொன்னா எடுத்துருவீங்களா? எடுக்க மாட்டீங்கன்னுதான் சொன்னேன்."

இதற்கு எந்த இலக்கணத்தில் பெயர் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி தூக்கிப் பார்த்தாள். "நா போறப்ப இதுல பாதிதானுங்க இருந்துச்சு."

நான் தம்ளரை எடுத்துக் கவிழ்த்து வைத்தேன்.

"நீங்க போட்டீங்களா?"

"ம்."

"உங்களுக்குத்தான் சாமியே இல்லியே. என்ன வேண்டிக்கிட்டுப் போட்டீங்க?"

"ஒண்ணும் வேண்டல. தினமும் போடணும்னு இருந்துச்சு."

"எப்பத்துல இருந்து?"

"நீ போனதுல இருந்து."

அவள் எழுந்து அரிசி களைந்தாள். சின்ன வெங்காயத்தைப் பார்த்தாள். ஒரு கை அள்ளி உரிக்க ஆரம்பித்தாள்.

சாப்பிட்டபிறகு, ஒரு முடிவுக்கு வந்தவளாகச் சொன்னாள். "இத இப்படியே உட்டுட்டுப் போகக் கூடாதுங்க. சாமி காசு. நாளைக்குப் பழனில சேத்திப்போட்டு நா அப்படியே உடுமலைக்குப் போயிக்கறேன். மிசுனு பின்னாடி ஆள வெச்சு எடுத்துக்கலாம்."

"அப்படியே தூக்கிட்டுப் போலாமே."

"பிள்ளையோட போனாத்தான் அப்படியே குடுக்கறது. அதுமில்லாம, என்னுது வேற வேண்டுதலுங்க. நீங்க போட்டது வேற. என்னுத மட்டும் சாமிக்குக் குடுத்தரலாம். உங்களுத நீங்களே வெச்சுக்குங்க."

ஈரச் சாக்கைத் தரையில் விரித்தாள். மஞ்சள் துணியின் முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் இழுத்து அவிழ்த்தாள். துணியைப் பதமாக மடித்து வைத்தாள். இடிகல்லை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"உடைச்சிரட்டுமா?"

"உடைக்கறதுன்னு சொல்லாதீங்க."

"வேற என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாமச் செய்ங்க."

முதல் அடி மெதுவாக விழுந்தது. ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது அடியில் கழுத்திலிருந்து கீழே ஒரு கோடு ஓடியது. மூன்றாவதில் ஓடு மூன்று துண்டாக விலகி விழுந்தது. உள்ளே இருந்த பணம் சரியவில்லை. ஒரு கணம் அப்படியே பானையின் வடிவில் நின்றது. நாங்கள் இருவரும் மூச்சுவிடாமல் பார்த்தோம். பிறகுதான் சரிந்து சாக்கு முழுக்கப் பரவியது.

மண்வாசனை. இரும்பு வாசனை. நடுவில் எங்கிருந்தோ குங்குமம்.

நோட்டுகளைப் பொறுக்கினாள். நான்காக மடித்தவை. "நோட்டெல்லாம் என்னுது. நீங்க நோட்டு போட மாட்டீங்க." இருபது ரூபாய் நாணயங்களை என் பக்கம் தள்ளினாள். "இது உங்களுது. நா இருபது ரூவாக் காசே பாத்ததில்ல." பத்து ரூபாய்களில் தயங்கினாள். ஒன்றை எடுத்துத் திருப்பினாள். என் பக்கம் வைத்தாள். பிறகு அதை எடுத்துத் தன் பக்கம் வைத்தாள். இன்னொன்றை எடுத்து அதையே செய்தாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு குவியலும் நடுவில் தொட்டுக்கொண்டன.

"எது எதுன்னு பிரிக்க முடியலீங்க" என்றாள்.

"பிரிக்க வேணாம்."

கையால் இரண்டையும் ஒன்றாகத் தள்ளினாள். ஓட்டுத் துண்டுகளை அவள் பொறுக்கினாள். பணத்தை நான் மஞ்சள் பைக்குள் அள்ளினேன். எவ்வளவு என்று இருவரும் எண்ணவில்லை.

இரவு அவள் உள்ளே படுத்தாள். நான் கூடத்தில் படுத்தேன். கதவை யாரும் சாத்தவில்லை.

மார்ச் 10, திங்கள்

உடுமலையில் எழுதுகிறேன்.

காலையில் பழனி. விஞ்சில் ஏறினோம். மடியில் பை, அதன்மேல் அவள் கை. கூட்டம் அதிகம் இல்லை. உண்டியலின் முன்னால் நின்று அள்ளி அள்ளிப் போட்டோம். பாதிக்கு மேல் போனதும் பின்னால் நின்ற ஒருவர் பொறுமை இழந்தார்.

"ஏம்ப்பா, எந்தக் கடைய ஒடைச்சுட்டு வந்தீங்க?"

"வீட்டத்தாங்க" என்றாள் சுகந்தி, திரும்பாமலே.

கடைசிக் கைப்பிடிக் காசை என் கையைப் பிடித்து என் கையாலேயே போடவைத்தாள். அவள் கண்ணை மூடினாள். நான் மூடவில்லை. அவளைப் பார்த்தேன். பிறகு அவள் பிடியை விட்டாள். கை முழுக்கக் காசு வாசனை.

இறங்கிப் பேருந்து நிலையத்துக்கு வந்தோம். திண்டுக்கல் பேருந்து ஒரு பக்கம். உடுமலைப் பேருந்து ஒரு பக்கம். உடுமலை வண்டி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது.

"போயிட்டு வர்றனுங்க. சாப்பாட்ட நேரத்துக்குச் சாப்பிடுங்க."

"ம்."

ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் ஜன்னலுக்குக் கீழே நின்றேன். காலிப் பை என் கையில். அவள் துணிப்பை அவள் மடியில். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், வண்டி உறுமலில் கேட்கவில்லை. என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள்.

நடத்துநர் படியில் தொங்கியபடி என்னைப் பார்த்தார். "சார், ஏர்றதுன்னா ஏறுங்க. கீழ நின்னு வண்டியத் தள்ளிவிடப் போறீங்களா?"

வண்டி நகர்ந்தது. இரண்டடி கூட நடந்தேன். மூன்றாவது அடியில் படியில் இருந்தேன்.

"எங்க சார்?"

"உடுமலை ஒண்ணு."

அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். "நாளைக்குக் காலேஜு?" என்றாள்.

"இருக்கு."

"அப்பறம்?"

"லீவு சொல்லிக்கலாம்."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஊர் முடிந்து தென்னந்தோப்புகள் தொடங்கின. நான் எதையோ சொல்ல வேண்டும் என்று தேடினேன். எல்லாச் சொல்லும் வகுப்பில் நடத்திய சொல்லாக இருந்தது. கடைசியில் ஒரு கேள்விதான் வந்தது. ஐப்பசியிலிருந்து என்னிடம் இருந்த கேள்வி.

"அன்னிக்கு ஆஸ்பத்திரில என்ன நடந்துச்சு? சொல்லு."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு யாரும் சொல்லலீங்களா?"

"நான் யார்கிட்டயும் கேக்கல."

"அது பொண்ணுங்க" என்றாள்.

மடத்துக்குளம் வரை நிறுத்தி நிறுத்திப் பேசினாள். அதற்குப் பிறகு நிறுத்தாமல் பேசினாள். அவள் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. நான் "ம்" சொல்லவில்லை. புரியாத இடத்தில் கேட்டேன், அவள் மறுபடி சொன்னாள். ஓரிடத்தில் என்னால் கேட்க முடியாமல் போயிற்று. அவள் கொஞ்சம் காத்திருந்துவிட்டுத் தொடர்ந்தாள்.

உடுமலை, உடுமலை என்று நடத்துநர் கூரையைத் தட்டினார். எல்லோரும் எழுந்தார்கள். நானும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க. இன்னும் கொஞ்சம் இருக்கு."

உட்கார்ந்தேன்.